இணைப்பு என்னுடையது, முன்பதிவு செயலியுடையது

பயண வலைப்பதிவில் அஃபிலியேட் இணைப்புகளை, அதாவது வாசகர் அழுத்திப்போய் எதையாவது வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் தரும் இணைப்புகளை, வைத்து நிலையான வருமானம் பார்க்க முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்ட அதே வாரத்தில்தான், நான் பல ஆண்டுகளாக இணைப்பு கொடுத்து வரும் விடுதி முன்பதிவுத் தளம் ஒன்று கமிஷன் விகிதத்தைக் குறைப்பதாக இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்பியது. ஆகவே இந்தப் பதிலில் கோபம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படிப்பது வாசகர் பொறுப்பு.

விகிதம் குறைந்தது கூட எனக்குப் பெரிய குறையில்லை. ஆண்டுக்கணக்கில் என்னை எரிச்சலூட்டுவது செல்பேசிச் செயலி. என் கட்டுரைகளைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் செல்பேசியில்தான் படிக்கிறார்கள். அவர்கள் விடுதி இணைப்பை அழுத்தியதும், அந்தத் தளத்தின் செயலி ஏற்கெனவே செல்பேசியில் இருந்தால், பிரவுசர் ஒதுங்கிக்கொண்டு செயலி திறந்துகொள்கிறது. வாசகரை நான்தான் அனுப்பினேன் என்பதற்குச் சாட்சியாக இருக்கும் குக்கி என்ற சிறு அடையாளக் கோப்பு பிரவுசரிலேயே தங்கிவிடுகிறது. செயலிக்குள்ளும் அந்த அடையாளத்தைக் கொண்டுசெல்ல ஏற்பாடு செய்துள்ள நிறுவனங்கள் உண்டு. நான் சேர்ந்திருக்கும் நிறுவனம் அந்த ரகத்தைச் சேர்ந்ததில்லை. போதாக்குறைக்கு, செயலியில் முன்பதிவு செய்தால் தனித் தள்ளுபடி என்று அதுவே ஆசை காட்டி வாசகரை அங்கே இழுக்கிறது.

இது வலிப்பதற்குக் காரணம் வாசகர்களின் நல்ல மனம். பரிந்துரைக்குப் பணம் பெறுவோர் அதை வெளிப்படையாக, பரிந்துரை எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும், ‘இந்த இணைப்பின் வழியே முன்பதிவு செய்தால் எனக்குச் சிறு கமிஷன் கிடைக்கும், உங்களுக்குக் கூடுதல் செலவில்லை’ என்று எழுதி வைத்தேன். ஆட்கள் விலகிப் போவார்கள் என்று நினைத்தேன். நேர்மாறாக, தேடி வந்து அழுத்தினார்கள். “அண்ணா, மூணார் ரூம் உங்க லிங்க்லதான் போட்டேன், வந்துச்சா?” என்று ஒருவர் கேட்பார். கணக்குப் பலகையைத் திறந்து பார்த்தால் அன்றைய வரிசையில் அழுத்தல் ஒன்று, முன்பதிவு பூஜ்யம். “செயலியில் போட்டீர்களா?” என்று திருப்பிக் கேட்க நாக்கு எழாது. “வந்தது தம்பி, நன்றி” என்று பதில் எழுதிவிடுவேன்.

முன்பதிவு என் கணக்கில் ஏறினாலும் பணம் உடனே கைக்கு வருவதில்லை. தங்கி முடித்துக் கிளம்பிய பிறகுதான் கமிஷன் உறுதியாகும். டிசம்பர் விடுமுறைக்கு ஆகஸ்டிலேயே போடப்பட்ட அறை நான்கு மாதம் ‘நிலுவை’ என்ற வரிசையில் கிடக்கும். ஒரு நாள் காலையில் அது ‘ரத்து’ வரிசைக்கு மாறியிருக்கும். கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியுள்ள அறையைத்தான் நம் மக்கள் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். நானும் அதையே பரிந்துரைக்கிறேன். இன்னும் சிலர் விடுதியின் பெயரை மட்டும் என் கட்டுரையில் குறித்துக்கொண்டு, நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, பேரம் பேசி, முன்பதிவுத் தளத்தில் உள்ளதைவிடக் குறைந்த வாடகையில் தங்கிவிட்டு வருகிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. வால்பாறை, ஏற்காடு கட்டுரைகளில் விடுதிகளின் தொலைபேசி எண்ணை நானேதான் போட்டிருக்கிறேன். மலைப்பாதையில் வண்டி பழுதாகி நடுஇரவில் வந்து சேர்பவருக்குத் தேவைப்படுவது அந்த எண்தான், என் இணைப்பு அன்று.

தொகையையும் சொல்லிவிடுகிறேன். இரவுக்கு 2,500 ரூபாய் வாடகையுள்ள அறையில் ஒருவர் இரண்டு நாள் தங்கினால், 4 விழுக்காடு கமிஷன் என்று வைத்துக்கொண்டால், நமக்கு வருவது 200 ரூபாய். கமிஷன் மீதான வருமான வரிப் பிடித்தம் 2024 அக்டோபரிலிருந்து 5 விழுக்காட்டுக்குப் பதில் 2 விழுக்காடாகியிருப்பது சிறு ஆறுதல்.

உண்மையில் என்னை வியக்க வைத்தது விடுதியல்ல, பிளக். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா செல்லலாம் என்றானதும், நுழைவுக்கு முன் நிரப்ப வேண்டிய மின்னணுப் படிவம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். படிவம் இலவசம், அதில் எவருக்கும் கமிஷன் இல்லை. கடைசிப் பத்தியில், அங்கே சுவரில் உள்ள துளைகள் மூன்று செவ்வக முனைகளுக்கானவை, நம் உருண்டை முனை சார்ஜர் நுழையாது, ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அமேசான் இணைப்பு ஒன்றை வைத்தேன். அமேசானில் குக்கி 24 மணி நேரம்தான் செல்லும். ஆனால் அந்த 24 மணி நேரத்துக்குள் வாசகர் வேறு பொருள் வாங்கினாலும் பெரும்பாலும் அதற்கும் நமக்குப் பங்கு உண்டு. ஆகவே மாத அறிக்கையில் அடாப்டருக்குப் பக்கத்திலேயே மிக்ஸி ஜார், பள்ளிப் பை, பிரஷர் குக்கர் கேஸ்கெட் எல்லாம் வரிசைகட்டி நிற்கின்றன. யார் வாங்கினார் என்பது தெரியாது; எந்த வீட்டிலோ குக்கர் விசில் சரியாக வந்ததில் எனக்கும் சில காசுகள். அந்தக் கட்டுரை இன்று வரை மாதந்தவறாமல் ஏதோ ஒன்று கொடுக்கிறது. விடுதிக் கட்டுரை எதுவும் அப்படிக் கொடுத்ததில்லை.

படுத்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று காணொளி போடுபவர்கள் சொல்லாத ஒன்று, பழைய கட்டுரைகளுக்கு ஆகும் பராமரிப்பு வேலை. ஊட்டி பற்றி எழுதினால், 2024 மே மாதம் அங்கே செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்ததும் திருத்த வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குப் புறப்படும் மலை ரயில் பற்றி எழுதினால், 2024 நவம்பரில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்ததும் மீண்டும் திருத்த வேண்டும். ரயில் பயணச்சீட்டில் எனக்கு ஒரு பைசா இல்லை என்றாலும், என் ஊட்டி விடுதிக் கட்டுரைக்கு வாசகரைக் கூட்டி வருவது அந்தப் பக்கம்தான். இதற்கிடையில் முன்பதிவு நிறுவனம் தன் கணக்கை, இணைப்புகளையும் கமிஷனையும் கணக்கு வைக்கும் வேறொரு இடைநிறுவனத்துக்கு மாற்றிவிடும். பழைய இணைப்புகள் பார்வைக்கு நன்றாகவே வேலை செய்யும், விடுதிப் பக்கமும் திறக்கும், கமிஷன் மட்டும் ஏறாது. அவற்றை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2023 செப்டம்பரில் கூகுள் தேடல் வரிசையை மாற்றியபோது ஆங்கிலத்தில் எழுதும் சிறு பயணத் தளங்கள் பல வாசகர்களை இழந்தன. தமிழில் போட்டி குறைவாக இருப்பதால் நான் அதிகம் அடிபடவில்லை. போட்டி குறைவாக இருப்பதற்கும் அதே கமிஷன் கணக்குதான் காரணம் என்பது வேறு விஷயம்.

நியாயமாகச் சொன்னால், இந்த இணைப்புகள் தளத்தின் ஆண்டுச் செலவை முழுவதும் கட்டிவிட்டு, ஒரு பயணத்தின் ரயில் செலவையும் கொடுக்கின்றன; எழுத்துக்கு இவ்வளவாவது தரும் ஏற்பாடு தமிழில் வேறு அதிகமில்லை. இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில், “இதை நம்பி இப்போது இறங்க வேண்டாம்” என்பதுதான். மின்னஞ்சல் வந்த மறுநாள் அந்தக் குறைந்த விகிதத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டும் விட்டேன். ஏற்காட்டில் நான் பரிந்துரைக்கும் அந்த விடுதி வேறு எந்தத் தளத்திலும் இல்லை.