புது கார் எடுப்பவர்கள் கவனத்துக்கு: விலை பேசி முடித்த பிறகுதான் வேட்டு வைக்கிறார்கள்

காரின் விலையை நன்றாகவே பேசிக் குறைத்திருந்தேன். குறைத்ததற்கும் மேலாக ஒரு தொகையை கோட்டிங், வாரண்டி, ஆக்சசரீஸ் என்ற பெயர்களில் அதே ஷோரூம் என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. எதற்கு எவ்வளவு என்று கடைசிவரை தனித்தனியாகச் சொல்லவில்லை. அதில் பாதி பொய் சொல்லி விற்றது. ஷோரூமின் பெயரைப் போடப் போவதில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, இந்த வழக்கம் அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை.

விலை முடிந்ததும் விற்பனைப் பிரதிநிதி கைகுலுக்கி, "பேப்பர் வேலை மட்டும்தான் பாக்கி சார்" என்று வேறொரு அறைக்கு அழைத்துப்போனார். அங்கே உட்கார்ந்திருந்தவர் வேறு ஆள். கடன், காப்பீடு, கூடுதல் சமாச்சாரங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. புது காரில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் பல சமயம் மெல்லியது. இந்த அறையில் விற்கும் பொருள்களில்தான் கொழுத்த லாபம், அவருக்குக் கமிஷனும் அதிலிருந்துதான்.

அவர் நீட்டிய தாளில் "முழுப் பாதுகாப்புத் தொகுப்பு" என்று ஒரே வரி, எதிரே ஒரே தொகை. பிரித்துக் கேட்டேன். "சிஸ்டத்துல ஒண்ணாத்தான் சார் வரும், பிரிக்க முடியாது" என்றார். வேண்டாம் என்றேன். "கடன் அப்ரூவலே இந்தத் தொகுப்போடதான் சார் வந்திருக்கு, எடுத்தா திரும்ப முதல்லேர்ந்து போகணும்" என்றார். அப்புறம் தொகையை விட்டுவிட்டு மாதத் தவணைக்குத் தாவினார்: "மாசத்துக்கு இவ்வளவுதான் சார் கூடும்." கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிவைத்தார். திரையில் தவணைத் தொகை மட்டும் இருந்தது, எத்தனை மாதம் என்பது இல்லை.

கடன் கொடுத்த நிறுவனத்திடம் பிறகு நானே கேட்டேன். அப்படி ஒரு நிபந்தனையே கிடையாதாம். அதாவது, அவர் சொன்னது அப்பட்டமான பொய்.

தவணைக் கணக்கை மட்டும் எல்லோரும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனில் ஏற்றப்படும் ஒவ்வொரு 100-க்கும் நீங்கள் கட்டி முடிப்பது ஏறக்குறைய 127. அதுவே 7 ஆண்டு என்றால் 139. ஒரு வருடத்தில் தேய்ந்துபோகும் பெயிண்ட் பூச்சுக்கு ஏழு வருடம் வட்டி கட்டுவதில் என்ன நியாயம்? உண்மையிலேயே வேண்டிய பொருளாக இருந்தாலும் கடனில் சேர்க்காமல் கையிலிருந்து கொடுத்து வாங்குவதே நல்லது. கையிலிருந்து கொடுக்க மனம் வரவில்லை என்றால் அந்தப் பொருள் அவ்வளவு தேவையில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, தொகுப்புக்குள் என்ன இருந்தது என்பதற்கு வருகிறேன்.

முதலில் அடிப்பாகத் துருத் தடுப்புப் பூச்சு. இன்றைய கார்களின் உடற்கூட்டில் பெரும்பகுதி துத்தநாகம் பூசிய எஃகு. தொழிற்சாலையில் முழுக் கூட்டையும் ப்ரைமர் (பெயிண்ட்டுக்கு முந்தைய பூச்சு) தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, இண்டு இடுக்கெல்லாம் படியவைக்கிறார்கள். அதற்கு மேல் தேவையான இடங்களில் அடிப்பூச்சும் உண்டு. துருப்பிடித்து ஓட்டை விழுவதற்கு எதிராகத் தயாரிப்பாளரே பல ஆண்டு வாரண்டி தருவது இதை நம்பித்தான். கடற்கரை ஓரம், அல்லது பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர் என்றால் கூடுதல் பூச்சுக்குக் காரணம் இருக்கிறது. அங்கும் அதைப் பொறுமையாக, தெரிந்து செய்யும் ஆளிடம்தான் செய்ய வேண்டும்.

எனக்குச் செய்தவர்கள் டெலிவரிக்கு முந்தைய அவசரத்தில் தார் போன்ற கறுப்புப் பூச்சைக் கண்ட இடத்தில் பீய்ச்சியிருக்கிறார்கள். சில மாதம் கழித்து, மழை பெய்த மறுநாள் கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. பாட்டிலைக் குலுக்கினால் கேட்குமே, அதே சத்தம். ஜன்னல் கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேற எல்லாக் கதவின் அடி விளிம்பிலும் சின்னச் சின்ன வடிகால் துளைகள் உண்டு. அந்தத் துளைகளைப் பூச்சு அடைத்துவிட்டது. வேறொரு மெக்கானிக் வளைந்த கம்பி ஒன்றை விட்டுக் குத்தியதும் பழுப்புத் தண்ணீர் அவர் முழங்கை வழியாக வழிந்தது. துரு வராமலிருக்கப் பணம் வாங்கியவர்கள் துரு வருவதற்கு வழிசெய்து அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே இந்தப் பூச்சு போட்டிருந்தால் கதவுகளின் அடி விளிம்பையும் கால் வைத்து ஏறும் படிக்குக் கீழுள்ள துளைகளையும் இன்றே தடவிப் பாருங்கள்.

அடுத்தது செராமிக் கோட்டிங். நல்ல செராமிக் கோட்டிங் என்பது இருக்கிறது, மறுக்கவில்லை. சிலிக்கான் டை ஆக்சைடு அடிப்படையிலான திரவம். பெயிண்ட்டை முதலில் சுத்தமாக்கி, பாலிஷ் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, பிறகுதான் பூசி இறுகவிட வேண்டும். ஒரு முழு நாளாவது பிடிக்கும் வேலை. பூசினால் பளபளப்பும், தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடுவதும், கழுவ எளிதாவதும் கிடைக்கும். ஆனால் அது சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமன்தான். லாரி தெறிக்கவிடும் கல்லையோ, சாவியால் இழுத்த கீறலையோ தடுக்காது. எனக்கு விற்றவர் "கல் அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்றார். இதைப் போடாவிட்டால் பெயிண்ட் வாரண்டி செல்லாது என்றும் சொன்னார். தயாரிப்பாளர் கொடுத்த வாரண்டிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது, முழுக்கப் படித்துவிட்டேன். காலையில் ஷோரூமுக்கு வந்த கார், பகலில் "கோட்டிங் முடிந்து" வெளியே வந்தது. சில கழுவலிலேயே முத்துகள் போய்விட்டன. கார் பாலிஷ் வேலை செய்யும் ஒருவரிடம் காட்டியபோது இது செராமிக் இல்லை, மெழுகு போலத் தேய்த்துவிடும் சாதாரண பாலிமர் சீலன்ட் மாதிரிதான் தெரிகிறது என்றார். கோட்டிங் வாரண்டி அட்டையைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு ஆண்டும் அவர்களிடமே காசு கொடுத்து "பராமரிப்புப் பூச்சு" செய்தால்தான் அந்த அட்டை செல்லுமாம். அட்டையின் பின்பக்கம், பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் இருந்தது.

கல்லடிக்குப் பயந்தால் அதற்கு இருப்பது வேறு பொருள்: பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம். தெர்மோபிளாஸ்டிக் பாலியுரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஒட்டும் படலம், பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் தடிமன். நெடுஞ்சாலையில் நிறைய ஓடும் காருக்கு முன் பம்பர், பானட்டின் முன் விளிம்பு, பக்கவாட்டுக் கண்ணாடிகளின் மூடிகள் இவற்றுக்கு மட்டும் ஒட்டினால் போதும் என்பது என் கருத்து. அதையும் ஷோரூமில் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது அலாரமும் ரிவர்ஸ் கேமராவும். "கம்பெனி ஆக்சசரி" என்று சொல்லி விற்றார்கள். பில்லில் தயாரிப்பாளரின் பாகக் குறியீட்டு எண் இல்லை. வெளியிலிருந்து வாங்கி, வெளியாளை வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டு நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. சர்வீஸ் பிரிவில் டேஷ்போர்டைப் பிரித்துக் காட்டினார்கள்: காரின் சொந்த ஒயரைச் சீவி, புது ஒயரைச் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. "இது வெளி ஃபிட்டிங் சார், வாரண்டில வராது." ஒரே கட்டடம்தான். முன் வாசலில் விற்றதைப் பின் வாசலில் வெளி ஃபிட்டிங் என்கிறார்கள்! ஆகவே மின்சாரம் சம்பந்தப்பட்ட எதை வாங்கினாலும் பாக எண் பில்லில் இருக்க வேண்டும், ஒயரை வெட்டாமல் காரின் கனெக்டரிலேயே சொருகும் வகையாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வேண்டாம்.

நீட்டிப்பு வாரண்டியில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது, ஒரேயடியாக ஒதுக்க முடியாது. காரை அடிப்படை வாரண்டிக் காலத்தைத் தாண்டி வைத்திருக்கப்போகிறீர்கள், டர்போ, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஹைப்ரிட் என்று விலையுயர்ந்த பாகங்கள் இருக்கின்றன என்றால் தயாரிப்பாளரே தரும் நீட்டிப்பு வாங்கத் தகுந்ததுதான். "இன்னைக்கு விட்டா கிடைக்காது" என்பதை மட்டும் நம்பாதீர்கள். அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். எனக்கு விற்றது தயாரிப்பாளருடையது அல்ல, ஏதோ மூன்றாம் நிறுவனத்தினுடையது. "5 வருஷம்" என்றார்கள். அந்த ஐந்தில் முதல் மூன்று, தயாரிப்பாளர் எப்படியும் இலவசமாகத் தருவது. பணம் வாங்கியது இரண்டு வருடத்துக்கு. அந்த இரண்டிலும் பிரேக் பேட், கிளட்ச், பேட்டரி, ரப்பர் பாகங்கள், சென்சார் வகைகள் சேராது. மிச்சம் என்ன இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

முழுச் சேதத்தின்போது காரின் அன்றைய மதிப்புக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தரும் காப்பீடும் இதே ரகம். முன்பணம் குறைவு, கடன் நீளம் என்றால் தேவைப்படலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் நேரடியாக விசாரித்து, விலையை ஒப்பிட்டு வாங்குங்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கட்டுபவருக்கு அது வேண்டியதில்லை.

மற்றவற்றுக்கு அதிகம் பேச வேண்டாம். சீட் துணிக்கு அடிக்கும் ஸ்ப்ரே, ஒரு டப்பா வாங்கி நாமே அடிக்கக்கூடியது. கண்ணாடியில் வண்டி எண் பொறிப்பதும் அப்படியே. டயரில் நைட்ரஜன்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் ஓராண்டு சோதித்தபோது காற்று நிரப்பிய டயர்கள் சராசரியாக 3.5 பிஎஸ்ஐ (டயர் அழுத்த அளவு) இழந்தன, நைட்ரஜன் டயர்கள் 2.2. மாதம் ஒருமுறை பிரஷர் பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. சீட் கவர் வாங்கினால், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மூடும் கவர் கூடவே கூடாது.

நான் வாங்கியதில் காசுக்குத் தகுந்தவை மட்கார்டும், அந்த மாடலுக்கென்றே வார்த்த, தரையில் கொக்கி மாட்டும் ரப்பர் விரிப்பும்தான். விரிப்பை அற்பமாக நினைக்காதீர்கள். 2009-இல் அமெரிக்காவில் ஒரு டீலர் இரவலாகக் கொடுத்த லெக்ஸஸ் காரில், வேறு மாடலுக்கான ரப்பர் விரிப்பு ஆக்சிலரேட்டரில் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகு விரிப்புப் பிரச்சினைக்காக டொயோட்டா சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விரிப்புப் போடுவதும் இதே ஆபத்துதான்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு: வாரண்டி, சாவி தொலைந்தால் ஈடு தரும் காப்பீடு போன்ற ஒப்பந்தங்களில் ரத்து விதி இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். எனக்கு இருந்தது. ஷோரூம் இழுத்தடித்ததும் ஒப்பந்தத்தில் இருந்த நிறுவனத்துக்கே நேராக எழுதி ரத்து செய்தேன். ஓடிய காலத்துக்குக் கழித்துக்கொண்டு மீதி வந்தது, ஆனால் என் கைக்கு வரவில்லை, கடன் கணக்குக்குப் போனது. மாதத் தவணை அப்படியேதான் இருக்கிறது, முடியும் தேதிதான் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. இது தெரியாமல் "பணம் வரவே இல்லை" என்று சண்டை போடாதீர்கள், கடன் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கோட்டிங், அடிப்பூச்சுப் பணத்துக்கு "வேலை முடிந்துவிட்டது, திருப்பித் தர முடியாது" என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பியிருக்கிறார்கள். அடைத்த துளைகளின் படங்கள், மெக்கானிக்கின் பில், தொகுப்புத் தாள் எல்லாவற்றையும் இணைத்துத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் புகார் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.