செபமாலையா, விவிலிய தியானமா?

கடலை நம்பிய பிழைப்பில் நிதானமாகச் செபிக்க நேரம் ஏது என்று தங்கச்சிமடம் பக்கம் கேட்பார்கள். இரண்டையும் செய்து பார்த்ததில் எனக்குப் பட்டது இது.

நேரம்: செபமாலைக்கு 20 நிமிடம் போதும். தியானத்துக்குக் கணக்கில்லை, ஒரே வசனத்தில் அரை மணி நேரம் நின்றுவிடலாம்.

செலவு: இரண்டிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

எளிமை: செபமாலைதான். மணிகளை உருட்டியபடி 53 முறை 'அருள் நிறைந்த மரியே' என்ற செபம். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டே சொல்லலாம். சிக்கலும் அதிலேயே இருக்கிறது. நண்டு விலையை யோசித்தபடியே மூன்றாம் பத்து மணிகள் முடிந்திருக்கும்! ஒவ்வொரு மணியிலும் ஒரு மூச்சு நின்று நகர்ந்தால் கொஞ்சம் சரியாகும்.

தியானத்தில் வாசி, அசைபோடு, மன்றாடு, சும்மா இரு என்று நான்கு படிகள். 12ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் வகுத்தவை. நான்காவதில் எனக்குத் தூக்கம் வந்துவிடும், அது வேறு கதை.

விடியுமுன் மீன் ஏலத்துக்கு ஓடுகிறவர்களுக்குச் செபமாலை. விசைப்படகில் போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் தியானத்தைத் தொடங்கிப் பாருங்கள். முதலில் மாற்கு 4:38 எடுங்கள்: புயலில் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார் இயேசு.