முட்டி வலிக்கு "சுறா எலும்பு கேப்சூல்"னு வந்தா உஷார்

வயசான அம்மா அப்பா வீட்ல இருக்கறவங்க இத படிச்சிடுங்க. எங்க அப்பார்ட்மென்ட்ல ஃப்ரீ மூட்டு செக்கப் கேம்ப்னு ஒரு கம்பெனி வந்தாங்க, அம்மா கால்ல ஏதோ ஒரு மிஷின வச்சு பாத்துட்டு ஜவ்வு தேஞ்சு போச்சும்மா விட்டா ஆபரேஷன்தான்னு பயமுறுத்தி, 4,800 ரூபாய்க்கு ஒரு டப்பாவ தலைல கட்டிட்டு போயிட்டாங்க. சுறாவுக்கு உடம்பு பூரா ஜவ்வுதான், அதான் அதுக்கு மூட்டு வலியே வராது, இத சாப்ட்டா மூணு மாசத்துல உங்களுக்கும் வளந்துடும்னு சொன்னாங்களாம். சுறாவுக்கு ஏதுய்யா முட்டி?

டப்பாவ திருப்பி பாத்தா பொடி எழுத்துல மருத்துவ பயன்பாட்டுக்கு அல்லன்னு போட்ருக்கு. சாப்பாட்டு பொருளுக்கு குடுக்கற எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் மட்டும்தான் இருக்கு, மருந்து லைசென்ஸ் எதுவும் கிடையாது. அதவிட கொடும, உள்ள இருக்கற காண்ட்ராய்டின் (ஜவ்வுல இருந்து எடுக்கற பொருள்) சுறாவே இல்ல, "போவைன்"னு இருக்கு, அதாவது மாடு. அம்மா மீன் சாப்பிடுவாங்க, மாடு தொட மாட்டாங்க. அதுவும் ஒரு கேப்சூல்ல 200 மில்லிகிராம், டெஸ்ட் பண்ணி பாத்த ஆராய்ச்சிகள்ல எல்லாம் ஒரு நாளைக்கு 800, 1200னு குடுத்திருக்காங்க.

எலும்பு டாக்டர்கிட்ட கேட்டேன். ஜவ்வுல ரத்த ஓட்டமே கிடையாது, தேஞ்சது சுலபமா வளராது, வாயில போட்டது வயித்துல செரிச்சுதான் போகும், நேரா முட்டிக்கு போய் ஒட்டிக்காதுன்னார். அமெரிக்காவுல 1,500 பேருக்கு மேல வச்சு பண்ணி 2006ல வெளிவந்த பெரிய ஆராய்ச்சியிலயும் குளுக்கோசமின் (இதே மாதிரி மூட்டு வலிக்குன்னு விக்கற இன்னொரு பொருள்), காண்ட்ராய்டின் ரெண்டும் மொத்தத்துல டம்மி மாத்திரைய விட பெருசா வலிய குறைக்கல, வலி ஜாஸ்தியா இருந்த ஒரு சின்ன குரூப்புக்கு மட்டும் ரெண்டையும் சேத்து குடுத்தப்போ கொஞ்சம் கேட்ட மாதிரி இருந்துச்சு, அதையும் உறுதியா சொல்ல முடியலன்னு அவங்களே எழுதிட்டாங்க. வார்ஃபரின்ங்கற ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை போடறவங்க டாக்டர கேக்காம இதெல்லாம் தொடவே கூடாது, ரத்தக்கசிவு ஆகலாம். குளுக்கோசமின் நிறைய இறால், நண்டு ஓட்டுல இருந்து எடுக்கறது, அலர்ஜி இருக்கறவங்க அதையும் பாத்துக்கங்க.

எனக்கு பணம் போனது கூட பரவால்ல. ஜவ்வு வளர்ற வரைக்கும் காலுக்கு ரெஸ்ட் குடுங்கன்னு சொல்லி, பிசியோ சொல்லிக்குடுத்த தொடை எக்சர்சைஸ நிறுத்த வச்சுட்டாங்க பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல். ஒழுங்கா மாடி ஏறிட்டு இருந்தவங்க இப்ப கைப்பிடிய புடிச்சு ஒவ்வொரு படியா நின்னு ஏறறாங்க.

பணத்த திருப்பி கேட்டா சீல் ஒடச்சாச்சுன்னு சொல்றாங்க, பில்லுன்னு குடுத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு. 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் போட்ருக்கேன். அதுக்கப்புறம் போன் மேல போன், பணத்துக்கு பதிலா கால் மசாஜ் மிஷின் ஒண்ணு தர்றோம், பாதி ரேட்டுக்கு எடுத்துக்கங்க சார்னு.