ராட்சத எறும்பா, ராட்சதச் சிலந்தியா? 'தெம்!' (1954), 'டரன்டுலா' (1955)

இந்த இரண்டு ஹாலிவுட் படங்களில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் உண்டென்றால் 'தெம்!' பாருங்கள்.

கதை ஏறக்குறைய ஒன்றுதான். 'தெம்!' படத்தில், நியூ மெக்சிகோவில் 1945-இல் நடந்த அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சால் எறும்புகள் வளர்கின்றன. 'டரன்டுலா'வில், அரிசோனா ஆய்வகத்தில் தயாரான ஊட்டச்சத்துக் கரைசலால் சிலந்தி வளர்கிறது. நடிப்பிலும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. பூதத்தை எப்படி உருவாக்கினார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

'டரன்டுலா'வில் இயக்குநர் ஜாக் அர்னால்டு நம்பியது உயிருள்ள சிலந்தியை. காற்றைப் பீய்ச்சி வேண்டிய பக்கம் ஓடவைத்துப் படம்பிடித்து, பாலைவனக் காட்சியோடு மேட் முறையில், அதாவது தனித்தனியே எடுத்த காட்சிகளை ஒரே சட்டத்தில் ஒட்டும் உத்தியில், இணைத்தார்கள். எட்டுக் கால்களும் மாறிமாறி ஊன்றும் அந்த ஒழுங்கு எந்த இயந்திரத்துக்கும் வராது. ஆனால் இணைப்பு இம்மி பிசகினாலும் கால் தரையில் பதியாது. சில ஷாட்களில் கால் நுனியே மறைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, சிலந்தியும் மனிதர்களும் ஒரே இடத்தில் நிற்கும் உணர்வு வருவதில்லை.

'தெம்!' குழு ஆளுயரத்தை மிஞ்சும் எறும்பையே கட்டியது. ஒன்று முழு உடல். இன்னொன்று கிரேனில் பொருத்திய முன்பாதி மட்டும். நடை விறைப்புதான், தலையாட்டல்தான் அதிகம். இயக்குநர் கார்டன் டக்ளஸ் அதை உணர்ந்து காட்சி அமைத்திருக்கிறார். முதல் அரை மணி நேரம் கிறீச்சிடும் ஒலி மட்டுமே. பிறகு மணற்காற்றில், மேட்டுக்குப் பின்னாலிருந்து தலை எழுகிறது. நடிகை ஜோன் வெல்டனின் உடையை அலைக்கும் அதே காற்று எறும்பின் ரோமத்தையும் அலைக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் மழைநீர்ச் சுரங்கத்தில் வீரர்கள் பீய்ச்சும் நெருப்பு நேராக எறும்பின் மேல் படுகிறது. பயம் அங்கேதான் பிடிக்கிறது. முதலில் வண்ணத்தில், 3டி-யில் எடுக்கத்தான் திட்டம். அது கைவிடப்பட்டது நல்லதே. கறுப்பு வெள்ளைப் படத்தின் நிழல், எறும்புப் பொம்மையின் குறைகளை விழுங்கிவிடுகிறது.

சிலந்தி என்றாலே உடல் கூசுபவர்களுக்கு என் தீர்ப்பு தலைகீழாகலாம். இரவில் தூரத்து மலைச்சரிவில் அது இறங்கும் காட்சிகள் அபாரம். 80 நிமிடத்தில் முடிந்தும்விடும். கடைசியில் நாபாம் என்ற தீக்குண்டை வீசும் விமானி, முகமூடிக்குள் இளவயது கிளின்ட் ஈஸ்ட்வுட்.

'டரன்டுலா' பார்க்கும்போது டிவியில் ஷார்ப்னஸைக் குறைத்துவிடுங்கள். கூட்டினால் மேட் ஓரம்தான் முதலில் பளிச்சிடும். 'தெம்!' படத்துக்கு ஒலியைக் கூட்டினால் போதும்.