போர்வெல் தண்ணீரில் நீச்சல் குளம்: சேலத்தில் சில கோடைகள் ஓட்டிய அனுபவம்

கன்னங்குறிச்சிப் பக்கம், ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் தோட்டத்து வீட்டுக் குளம் 50,000 லிட்டர் பிடிக்கும். நிரப்புவது போர் தண்ணீர்தான். புதிதாகக் குளம் கட்டுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது, "குளோரின் எவ்வளவு போடறீங்க?" அதைவிட முதலில் பார்க்க வேண்டியது காரத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் போன்றவற்றின் அளவு. பிஎச் வேறு, இது வேறு.

போர் தண்ணீரைப் பிடித்த கையோடு சோதித்தால் பிஎச் 7.3 என்று அழகாகக் காட்டும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் 8.2. யாரும் எதையும் கொட்டியிருக்க மாட்டார்கள். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, உடைத்த கோலி சோடா மாதிரி மெல்ல வெளியேறிவிடுகிறது. காரத்தன்மை அதிகமாக இருக்கும்வரை இந்த ஏற்றம் ஓயாது. 80 முதல் 120 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை பொதுவாகச் சொல்லும் அளவு. நான் 80ஐ ஒட்டியே வைக்கிறேன். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டால் பிஎச்சை 7.2க்கு இறக்கி, நீரூற்றை ஓடவிட்டு அது தானாக ஏறியதும் மறுபடி இறக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று காரத்தன்மை குறையும். பொறுமை வேண்டிய வேலை. பக்கெட் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது.

காரத்தன்மை சரியாகி பிஎச் அடங்கிவிட்டால் குளோரின் செலவு தானே குறையும். பிஎச் ஏற ஏற, கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் பங்கு சரிகிறது.

அடுத்தது மாத்திரை. குளம் பராமரிக்க வருகிறவர்கள் எதற்கும் இதைத்தான் நீட்டுவார்கள். டிசிசிஏ (TCCA) என்ற, மெல்லக் கரையும் குளோரின் மாத்திரை வசதியானது, மறுக்கவில்லை. ஆனால் அதன் வழியாக 10 பிபிஎம் குளோரின் சேரும்போது சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் தங்கிவிடுகிறது. கொஞ்சம் இருந்தால் நல்லது: ஏப்ரல் வெயிலில் அது இல்லாத குளத்தில் காலையில் போட்ட குளோரின் மதியத்துக்குள் பெரும்பாலும் காலி. 30 முதல் 50 வரை போதும். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், அது குளோரினைக் கட்டிப்போட்டுவிடும்: சோதனையில் குளோரின் நன்றாகத் தெரியும், சுவரில் பாசியும் வளரும். பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டு நிரப்புவதைத் தவிர சுலபமான வழி கிடையாது. மே மாதத்தில், போர் மூச்சு வாங்கும் நேரத்தில், அதை யார் செய்வது? அதனால் 40 வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஹைப்போவுக்கு (சோடியம் ஹைப்போகுளோரைட், திரவக் குளோரின்) மாறிவிடுவேன். பத்து சதவீத ஹைப்போ அரை லிட்டர் விட்டால் என் குளத்தில் 1 பிபிஎம் ஏறும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். சின்ன கேனாக வாங்கி நிழலில் வைக்கிறேன். கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளைத் தொடுவதில்லை, ஏற்கெனவே கடினமான தண்ணீரில் மேலும் கால்சியம் எதற்கு? தூளும் மாத்திரையும் ஒன்றாகப் பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது கிடைக்கும் பூமி இது. சாதாரணப் பட்டைச் சோதனை காட்டும் மொத்தக் கடினத்தன்மையில் மெக்னீசியமும் சேர்ந்திருக்கும். டைல்ஸில் வெள்ளைப் படிவு வைப்பது முக்கியமாகக் கால்சியம். அதைத் தனியாகக் காட்டும் சொட்டுக் கிட்டுக்குக் கூடுதலாகச் செலவழித்தது வீண் போகவில்லை. ஐப்பசி மழை குளத்தில் விழுந்தால் எனக்குக் கொண்டாட்டம்: காரம், கடினம், சயனூரிக் மூன்றும் காசில்லாமல் இறங்கும். அப்போது குளோரினும் நீர்த்துப்போகும் என்பதால் மழை விட்டதும் ஒரு சோதனை.

பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் இந்தக் கிட்டை வாங்குங்கள். தானியங்கி கிளீனர் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.