'நூ'வா, 'ஓன்'னா: பிரெஞ்சில் 'நாம்' சொல்ல எது லாபம்?

பிரான்சில், லியோன் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மதியம் பன்னிரண்டரைக்குப் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "ஓன் மான்ஜ்?" என்றார். சாப்பிடலாமா என்கிறார். இரண்டு வருடம் மாலை வகுப்பில் படித்துவிட்டு வந்தவன் நான். இலக்கணம் பிசகாமல் "வீ, நூ மான்ஜோன்" என்றேன். மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டவரிடம் "ஆம், நாம் உணவு உண்கிறோம்" என்று சொன்னால் நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள்? அப்படித்தான்.

இரண்டுக்கும் பொருள் 'நாம்'தான். 'நூ' பாடப்புத்தகம் கற்றுத்தரும் சொல். 'ஓன்' (ன் முழுதாக வராது, மூக்கிலேயே நின்றுவிடும்) மனிதன் என்று பொருள்படும் லத்தீன் 'ஹோமோ'விலிருந்து வந்தது. அதனால் ஒருமை, அவன், அவள் எடுக்கும் வினையையே எடுக்கும். நாம், நாங்கள் வித்தியாசம் இரண்டிலும் கிடையாது, அதை விட்டுவிடலாம்.

நான் 'ஓன்' கட்சிக்கு மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பராமரிப்புச் செலவு. பேசுவதற்கான வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெ (நான்) பார்ல், த்யூ (நீ) பார்ல், இல் (அவன்) பார்ல். 'அவர்கள்' வந்தாலும் பார்ல்தான். எழுத்தில் வால் மாறும், காதுக்கு ஒரே ஒலி. முரண்டு பிடிப்பவை இரண்டே: நூ பார்லோன், வூ (நீங்கள்) பார்லே. 'நூ'வைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. ஒழுங்கற்ற வினைகளில் லாபம் இன்னும் கூடுதல். குடிக்கிறோம் என்பதற்கு 'நூ புவோன்' என்று புது உருவம் தேட வேண்டாம். அவன் குடிக்கிறான் என்பதற்கு ஏற்கெனவே தெரிந்த 'ப்வா' போதும், 'ஓன் ப்வா'. எடுக்கிறோம் என்பதற்கும் 'நூ ப்ரெனோன்' வேண்டாம், 'ஓன் ப்ரான்'. அப்புறம் எழுந்திருப்பது மாதிரி, செய்பவரையே மறுபடி குறிக்கும் தன்வினைகள்: 'நூ நூ லெவோன்'. முதல் நூ 'நாம்', இரண்டாவது 'நம்மை'. வாய்க்குள் பஞ்சு வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். 'ஓன் ஸ லெவ்' சொல்லிப் பாருங்கள்.

'ஓன்' வம்பில்லாத சொல் என்று சொல்ல மாட்டேன். "ஓன் பேசுகிறவரையே விலக்கிவிடும்" என்று பிரெஞ்சு வாத்தியார்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் ஒரு வாக்கியம் உண்டு. யாரும் கேட்பதில்லை. ஆனால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: 'ஓன்' பொத்தாம்பொதுவாகவும் வரும். 'ஓன் தி' என்றால் 'சொல்கிறோம்' ஆகலாம், 'ஊரில் சொல்கிறார்கள்' என்றும் ஆகலாம். கதவை யாரோ தட்டினாலும் 'ஓன்'தான் தட்டும். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

என்னை அதிகம் கவிழ்த்தது எழுத்து. 'நம்மிடம் இருக்கிறது' என்பது காதில் 'ஓன் நா'. 'இல்லை' என்பது 'ஓன் நா பா'. இரண்டிலும் நடுவில் கேட்பது ஒரே 'ந'. முதலாவதில் அது ஓன் அடுத்த உயிரெழுத்தோடு ஒட்டுவதால் வருவது. இரண்டாவதில் எதிர்மறையின் எழுத்து, தாளில் தனியாகப் போட்டே ஆக வேண்டும். நான் ஒரு வருடம் போடாமலே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அதற்காக 'நூ' உருவங்களைப் படிக்காமலே தப்பிக்க முடியாது. இறந்தகாலத் தொடர்வினையின் வேரே அங்கிருந்துதான் வருகிறது: புவோன் தெரிந்தால்தான் 'புவே' (குடித்துக்கொண்டிருந்தேன்) வரும். 'போகலாம் வா' என்பதும் 'அலோன்ஸி'தான், 'நூ' வினைகளின் கடைசியில் வரும் அதே '-ஓன்' வால். படித்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சில் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

விண்ணப்பக் கடிதம், முன்பின் தெரியாதவருக்கு அலுவலக மின்னஞ்சல் என்றால் நானும் 'நூ'தான் எழுதுகிறேன். என் எழுத்து அனுபவம் மின்னஞ்சலோடு சரி, ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர்கள் என்னை நம்ப வேண்டாம். பேச்சிலும் ஒரு இடத்தில் 'நூ' உயிரோடு இருக்கிறது. 'நாங்களா? நாங்கள் இருக்கிறோம், நீங்கள் போங்கள்' என்று அழுத்திச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள்: 'நூ, ஓன் ரெஸ்த்'. அழுத்தம் 'நூ'வுக்கு, வினை 'ஓன்'னுக்கு.