சனி தோட்டத்துக்கு, ஞாயிறு நடைக்கு: தக்காளியை என்ன செய்வது?

இலையுதிர்காலம் தொடங்கும்போது தோட்டத்தில் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். கூடை கூடையாகத் தக்காளி, முற்றிப்போவதற்குள் பறித்தாக வேண்டிய பீன்ஸ். கையில் இருப்பது சனி, ஞாயிறு இரண்டு நாள்தான். அதற்குள் செடிகளைப் பார்க்க வேண்டும், வயல்வெளிப் பக்கம் ஒரு நீண்ட நடையும் போக வேண்டும். அதனால் ஜாடியில் அடைப்பதா, காயவைப்பதா, உறையவைப்பதா என்பதை நான் ருசியை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. எது என்னை எவ்வளவு நேரம் அடுப்படியில் நிறுத்தி வைக்கும் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஜாடிதான் பார்க்க அழகு. மின்சாரமே தேவையில்லை, அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும். பிரான்சின் நிக்கோலா அப்பேர், உணவை ஜாடியில் அடைத்துக் கொதிநீரில் வைக்கும் இந்த முறையை 1810இல் புத்தகமாக வெளியிட்டார். உணவு ஏன் கெடவில்லை என்ற விளக்கம், நுண்ணுயிர்களை ஆராய்ந்த பாஸ்டர் காலத்தில்தான் வந்தது. இன்று காரணம் தெரிந்திருப்பதால் கைப்பக்குவத்தை நம்பிச் செய்யக்கூடாது. பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை, பி.எச். (அமிலத்தின் அளவுகோல்; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 4.6க்குக் கீழே இருந்தால்தான் முளைக்காமல் அடங்கிக் கிடக்கும். தக்காளி சரியாக அந்த எல்லையில் நிற்கும் பழம். ஆகவே லிட்டர் ஜாடிக்கு 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கட்டாயம், அதுவும் கடையில் விற்கும் புட்டிச் சாறு. பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், புட்டியில் மாறாது. மசித்த தக்காளி என்றால் அப்புறம் 45 நிமிடம் கொதிநீரில் மூழ்கியிருக்க வேண்டும், மேட்டுப்பகுதியில் இன்னும் கூடுதலாக. பீன்ஸில் அமிலமே போதாது; பிரஷர் கேனர் (கொதிநீரைவிட அதிகச் சூட்டில் ஜாடிகளை அவிக்கும் அழுத்தப் பாத்திரம்) இல்லையென்றால் அதை ஜாடியில் அடைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஜாடி கழுவுவது, தோல் உரிப்பது எல்லாம் சேர்த்தால் பாதி நாள் போய்விடும்.

காயவைப்பதில் வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். தக்காளியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். பாதியாக வெட்டி 60 டிகிரி ஓவனில் வைத்தால் 10 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். 5 கிலோ சில நூறு கிராமாகச் சுருங்கும், ஆனால் அந்த ருசிக்கு மற்ற இரண்டும் ஈடில்லை. ஓவனை எரியவிட்டு வெளியே போக முடியாது என்பதால் அது தோட்ட நாள். ஓய்ந்த பீன்ஸ் கொடிகளை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டலாம். வேர் மண்ணுக்கே உரமாகும். உறைபனிக்கு முன் பச்சைத் தக்காளிகளைப் பறித்து, பழுத்த ஆப்பிளோடு ஒரு பெட்டியில் வைக்கலாம். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு அவற்றைப் பழுக்கவைக்கும். இடையிடையே உள்ளே வந்து தட்டைத் திருப்பினால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அரைகுறையாகக் காய்ந்ததை எண்ணெயில் போட்டு வெளியே வைக்காதீர்கள். காற்று புகாத எண்ணெய்க்குள் அதே பொட்டுலிசம் வரலாம்.

உறையவைப்பது எல்லாவற்றிலும் சுலபம். பீன்ஸை மட்டும் 3 நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து ஐஸ் தண்ணீரில் ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் நொதிகள் நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். தக்காளிக்கு அதுவும் வேண்டாம். தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் தள்ளிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். இரண்டு மூன்று மணி நேர நடை முடிந்து திரும்பும்போது எல்லாம் கல்லாக இறுகியிருக்கும், பையில் கொட்டினால் சரி. வழியில் பறித்த பெர்ரிப் பழங்களும் அடுத்து அதே தட்டில் ஏறும். குறை என்றால், பனிப்படிகங்கள் செல்சுவர்களைக் கிழித்துவிடும். உருகிய தக்காளி குழைந்துபோகும். சாலடுக்கு உதவாது, சாஸுக்கும் சூப்புக்கும் எந்தக் குறையும் இல்லை.

என் தேர்வு: சனிக்கிழமை ஓவனும் தோட்டமும், ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீசரும் நடையும். ஜாடிகளை மழை விடாமல் பெய்யும் ஒரு வார இறுதிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.